பகலில் தூங்குகிறவளுக்கு ஒரு வீடு

திபிலிசியில் வீடு பார்க்கிறோம்.
மால்ஹாஸ் அளவு நாடாவோடு வருகிறான்,
நான் ஒரு சால்வையோடு.

எனக்குத் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி.
ஊர் பல் துலக்கும் நேரத்தில்
நான் திரைச்சீலையை இழுத்துவிடுகிறேன்.
அதனால் வீட்டுக்காரர்களிடம் கேட்பது ஒன்றுதான்:
இங்கே பத்து நிமிஷம்
படுத்துப் பார்க்கலாமா?

சிரிக்கிறார்கள்.
நான் தரையில் சால்வையை விரித்ததும்
சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல்
இவனைப் பார்க்கிறார்கள்.
இவன் சுவரை அளந்துகொண்டிருப்பான்.

முதலில் சோலோலாக்கி. அவனுடைய ஆசை.
கூரையில் யாரோ எந்தக் காலத்திலோ தீட்டிய திராட்சைக் கொடி,
கொடியோடு கொடியாக ஒரு விரிசல்.
வெளிச்சுவருக்கு இரும்புச் சட்டம் முட்டுக்கொடுத்திருந்தது.
முற்றத்தைச் சுற்றி மரப் பால்கனிகள்.
உப்பு தீர்ந்துபோனால் ஜன்னலைத் திறந்தால் போதும்
என்றாள் எடெரி.
கண்ணை மூடினேன்.
திறக்காமலே எல்லாம் வந்தது:
யார் வீட்டு மருமகன் எவ்வளவு கடன்,
ஒரு தையல் மிஷின்,
கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால்
நாற்பது ஜோடிச் செருப்பு.
என் தலைமாட்டுச் சுவரின் சரித்திரத்தை
இரண்டு மொழிகளில் கேட்டேன்.
எழுந்தபோது அந்த மருமகன்மேல்
எனக்கும் கோபம்.

வாகேயில் பூங்கா இருக்கிறது.
வாடகையில் பாதி அதற்குத்தான்.
இஸ்திரி போட்டு அனுப்பியதுபோல் காற்று,
ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி.
ஒரு சத்தமும் இருக்காது என்றார் தரகர் ஸூராப்.
இல்லைதான்.
என் ரத்தம் காதுக்குள் ஓடுவது கேட்டது.
எங்கள் வார்டில் அந்த நிசப்தம்
எப்போது வருமென்று எனக்குத் தெரியும்.
மானிட்டரை அணைத்த பிறகு.
நாலாவது நிமிஷமே எழுந்துவிட்டேன்.
மால்ஹாஸ், கார் நிறுத்த இடம் உண்டா என்று
விசாரித்துக்கொண்டிருந்தான்.
எங்களிடம் கார் இல்லை.

க்ளதானிக்கு
மெட்ரோவின் கடைசி நிறுத்தத்தில் இறங்கி
ஒரு மினிபஸ் பிடிக்க வேண்டும்.
ஒரே அச்சில் வார்த்த கட்டடங்கள்.
எண்ணைத் தவறவிட்டால் அடுத்தவர் வீட்டில்
கைகழுவிச் சாப்பிட உட்கார்ந்துவிடலாம்.
ஒன்பதாம் மாடி.
லிஃப்ட் காசு போட்டால்தான் ஏறும், இருபது டெட்ரி.
இறங்குவதற்கு?
இறங்க இலவசம், பூமியின் உபயம்
என்றார் கோச்சா, ஓய்வுபெற்ற வெல்டர்.
பஸ்ஸைத் தவறவிட்டவன் முகம் மால்ஹாஸுக்கு.

படுக்க வேண்டும் என்றேன்.
எதற்கென்று கேட்காமல்
தலையணை எடுத்துவந்தார்.
லிஃப்ட் முனகியது, நின்றது, மறுபடி முனகியது.
மூச்சுக் கருவியைப்போல, ஆனால்
யாரையும் காப்பாற்ற வேண்டிய அவசரமில்லாமல்.
வெகு கீழே ஒளிந்து விளையாடும் பிள்ளை
எண்ணிக்கொண்டிருந்தது.
முப்பதுவரை கேட்டது எனக்கு.

விழித்தபோது
வெயில் சுவர் மாறியிருந்தது.
ஒன்றரை மணி நேரம்!
மேஜைமேல் அளவு நாடா சுருண்டு கிடந்தது.
இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்து புகைத்துக்கொண்டிருந்தார்கள்.
அடுத்து வீடு பார்க்க வந்த ஜோடியை
உள்ளே ஆள் தூங்குகிறது என்று சொல்லித்
திருப்பி அனுப்பியிருக்கிறார் கோச்சா.

திரும்பும் வழியில் மால்ஹாஸ் பேசவில்லை.
பாலத்தைத் தாண்டும்போது மட்டும்,
அந்தத் திராட்சைக் கொடி
எவ்வளவு அழகு, இல்லையா என்றான்.
ஆமாம் என்றேன்.
பொய்யில்லை.

இன்னும் எதுவும் முடிவாகவில்லை.
இன்று காலை மருந்துக்கடையில்
சில்லறை இருக்கிறதா என்று கேட்டாள்.
இல்லை என்றேன்.
கோட்டுப் பைக்குள் நாலைந்து இருபது டெட்ரி
ஒன்றோடொன்று உரசிக்கொண்டன.
அவளுக்கும் கேட்டிருக்கும்.