மலர் 4, இதழ் 4

ஒரு மலருக்கு எத்தனை இதழ்?
தலவாக்கலை நகரசபை நூலகத்தின்
புதுக் கணினி கேட்டது.
நான்கு என்று தட்டினேன்.
நான்கைத் தாண்டினால்?
இதழை ஒன்றாக்கு, மலரில் ஒன்றைக் கூட்டு.
சோதித்துப் பார் என்றொரு பொத்தான்.
அழுத்தியதும்
பத்து வருஷம் படிபடியாய் இறங்கி வந்தது.
மலர் பதின்மூன்று இதழ் நான்கு வரைக்கும்
ஒவ்வொன்றுக்கும் தேதி,
ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'எதிர்பார்க்கப்படுகிறது'.
பதுளை ரயிலுக்கே இல்லாத உறுதி.

கவாத்துப் பிந்திய தேயிலைச் செடியில்
பூத்திருப்பதை எண்ணியிருக்கிறேன்.
ஐந்திதழும் இருக்கும், எட்டிதழும் இருக்கும்.
இதை எந்தப் பெட்டியில் நிரப்புவது?

'ஊசியிலை' அப்புத்தளையிலிருந்து வருகிற சஞ்சிகை.
முதலாம் இதழை பஸ் கண்டக்டர்
வெற்றிலைக் கறையோடு கொண்டுவந்து தந்தார்.
அடுத்தது 2-3 என்று ஒரே அட்டையில் வந்தது,
இரட்டைப் பிள்ளைக்கு
ஒரே பிறப்புச் சான்றிதழ் மாதிரி.
பிறகு எண்ணே இல்லாமல் ஒரு மழைச் சிறப்பிதழ்.
அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.
நான்காம் இதழின் வரி சிவந்து 'தாமதம்' ஆனது.

பட்டியலை இழுத்தால் வேறு சொற்களும் உண்டு.
வந்தது. தவறியது. வெளிவரவில்லை.
தவறியதில் சுட்டியை வைத்துவிட்டு
கையை எடுத்துக்கொண்டேன்.

செக்ரோலும் இப்படித்தான்.
பதினெட்டுக் கிலோ எதிர்பார்க்கப்பட்டது,
பதினைந்து நிறுத்தது.
அம்மாவுக்கு அன்று அரைப் பேர்.
காலை ஏழு மணியிலிருந்து மலையில் நின்ற உடம்பில்
எந்தப் பாதி வரவில்லை என்று
கணக்கப்பிள்ளையிடம் யாரும் கேட்கவில்லை.

கணினி தானாகவே நினைவூட்டல் கடிதம் எழுதியது.
முத்திரை குத்தித் தபாலில் போட்டேன்.
ஒன்பதாம் நாள் அஞ்சலட்டை வந்தது.

'அம்மணி,
நீங்கள் கேட்கும் இதழ் பிறக்கவேயில்லை.
அச்சகத்துக்குப் பழைய பாக்கி இருக்கிறது.
நான் ஹார்ட்வெயார் கடையில் கணக்கெழுதுகிறவன்.
எனக்கு வரும் கடிதமெல்லாம் கடன்காரர் கடிதம்.
என் சஞ்சிகை வந்திருக்க வேண்டும் என்று
ஒருவர் முத்திரையோடு கேட்டது இதுதான் முதல் தடவை.
கடிதத்தை ஆணி டப்பாக்களுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.
சித்திரையில் எப்படியும் ஒன்று வரும்.
நான்கு என்று போடவா, ஐந்தாம் மலர் ஒன்று என்று போடவா?
கணினியிடம் கேட்டுச் சொல்லவும்.
இப்படிக்கு, சா. ஞானமுத்து.'

கேட்டேன்.
அது தன் பத்து வருஷத்தை மறுபடி காட்டியது.
ஒழுகும் கூரைக்குக் கீழே வைத்த வாளி
நிரம்பியிருந்தது, கொட்டிவிட்டு வந்தேன்.

நான்கே போடுங்கள் என்று எழுதினேன்.
தேதிகளை ஒவ்வொன்றாய்த் தள்ளிவைத்து
மழைச் சிறப்பிதழுக்கும் ஒரு வரி திறந்து முடிக்க
அரைநாள் போனது.
வருகைப் புத்தகத்தில்
முழுநாள் என்று கையெழுத்திட்டேன்.