தடைக்காலப் புள்ளிகள்

அறுபத்தொரு நாள் படகுகள் கட்டிக்கிடந்தன.
ஏழு ஆட்டம், ஆறு ஜெயித்தோம்.
தண்டையார்பேட்டை டீக்கடையில்
எங்களுக்கு மட்டும் ஆடை போட்ட டீ.

தடை விலகிய ராத்திரி
ஐஸ் ஏற்றிக்கொண்டு போய்விட்டான் தேசிங்கு,
எங்கள் சென்டர் பார்வர்டு.
பின்னாலேயே இரண்டு பேக்கும்.

மிச்சம் எட்டுப் பேர்.
வியாசர்பாடி ஐந்து போட்டது,
கொருக்குப்பேட்டை நாலு.
கோல் கம்பத்தடியில் நின்று பார்த்தால்
மைதானம் அவ்வளவு பெரிசு.

கடைசி ஆட்டம். டிரா செய்தால்
டிவிஷன் இறங்காமல் தப்பிக்கலாம்.
இடைவேளையில் வந்து நின்றான்,
முழங்கால்வரை செதில்.
"எத்தினி பேரு?"
"எட்டு."
"ஒம்போதுன்னு எழுது."

ஒன்றுக்கு ஒன்று.
கையுறையைக் கழற்றி முகர்ந்தேன்.
காரப்பொடி வாடை.
கடலில் பாடு சரியில்லை போல.