பால் ஊற்றினால்

கட்டாக்கோ சந்தையில், தகரம் அடிக்கிறவர்களின் இரைச்சலுக்குள்
உடைந்த சுரைக்குடுக்கைகளைத் தைப்பவன் நான்.
அப்பாவுக்கும் இதே தொழில்.
எதிர்ப்பாயில் உட்கார்ந்து
என் வாடிக்கையைத் தன் பக்கம் கூப்பிடுவார்,
கூசாமல்.

விடிந்ததும் ஃபுலானிப் பால்காரிகள் வந்துவிடுவார்கள்.
ஒரு விரிசலுக்கு இருநூறு பிராங்க்.
கழுதை மிதித்தது என்றால் முந்நூறு.

தங்கை பிபாத்தா படம் போடுகிறாள்.
தினைச் சாக்கை இழுத்துக் கட்டி
ஆற்றுச் சேறும் அக்ரிலிக்கும் அப்பி
காய்ந்தபின் நடுவில் கிழிக்கிறாள்.
அப்புறம் தைக்கிறாள்
என் குத்தூசியால்.
கேட்டு எடுத்ததில்லை.

நேற்று நியாமேயில், ஆற்றைப் பார்த்த கூடத்தில்
அவள் தையலுக்கு முன்னால் கூட்டம்.
காயம் என்றார் ஒருவர்.
எல்லைக்கோடு என்றார் அவர் மனைவி.
வேர்க்கடலைத் தட்டோடு வந்தவர்
'ஆறுதான், வேறென்ன' என்று நகர்ந்தார்.
எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள் பிபாத்தா.

நான் கிட்டே போய் விரலால் தடவினேன்.
காவலாளி அதட்டினான்.
"கண்ணி அகலம்," என்றேன் அவளிடம்.
"பால் ஊற்றினால் ஒழுகும்."

"இது படம், சுமானா.
இதில் எவன் பால் ஊற்றப் போகிறான்?"

சரிதான்.
ஆனால் அதற்குப் பிறகு அவள்
யாருக்கும் தலையாட்டவில்லை.

இரவு பதினொன்றுக்குக் கதவு தட்டல்.
டாக்ஸியின் தலைமேல் படம்,
விற்றதற்கு அடையாளமான சிவப்புப் பொட்டு
ஓரத்தில் ஒட்டியபடியே.
"காலை பத்துக்குத்தான் எடுத்துப் போவார்கள்," என்றாள்
பழைய நூலைப் பற்களால் அறுத்துக்கொண்டே.

மின்சாரம் போனது.
என் கைப்பேசி விளக்கைப் பிடித்து நின்றேன்.
ஊசி சாய்ந்து இறங்கியது, பின்னால் வந்தது,
தன் தடத்தைத் தானே தாண்டி மறுபடி இறங்கியது.
அப்பா இப்படித் தைத்து நான் பார்த்ததில்லை.
நானும் தைத்ததில்லை.
கேட்க வாயெடுத்தேன்.
"வெளிச்சம் ஆடுது," என்றாள்.

இன்று முதல் குடுக்கை தட்ஜோவுடையது,
அடிவரை பிளந்தது.
ஊசியைச் சாய்த்தேன்.
மூன்று முறை பிரித்தேன், நான்காவதில் பிடிபட்டது.
அவள் அங்கேயே பால் ஊற்றி
உயரத் தூக்கி, அடியில் உள்ளங்கை கொடுத்து
நூறுவரை எண்ணினாள்.

கை காய்ந்தே இருந்தது.

எதிர்ப்பாயிலிருந்து அப்பா
கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்.
நான் குடுக்கையைத் திருப்பி வைத்துக்கொண்டு
ஐம்பது பிராங்க் கூட்டிச் சொன்னேன்.