நூற்று நாற்பத்து மூன்று பேர்

அன்றைக்கு மூரோஸில் கடல் வற்றும் நேரம்
அதிகாலை நான்கு இருபது.
மட்டி எடுக்கும் பெண்களுக்குச் சேதி போகவில்லை.

இரவோடு இரவாக எங்கள் குழுவை மூடியிருந்தார்கள்.
காரணம்: ஆபாசம்.
மார்ச் ஒன்பதில் டோரிண்டா போட்ட படம்,
வாய் பிளந்த ஒரு மட்டி,
தட்டில், எலுமிச்சைத் துண்டுக்குப் பக்கத்தில்.
கண்ணே இல்லாத எதுவோ அதைப் பார்த்து
வெட்கப்பட்டிருக்கிறது.

முறையிட்டேன்.
உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்றது.
மறுபடி முறையிட்டேன்.
மறுபடியும் முக்கியம்.

பதினோரு வருடத்து ஏற்ற வற்றக் கணக்கு,
சந்தை விலை, பிள்ளை பிறந்த சேதி,
பெனிட்டா திரும்பி வராத இரவில்
யார் யார் விளக்கோடு கரைக்கு ஓடினோம் என்பது,
எல்லாம் அந்தக் கதவுக்குப் பின்னால்.
வாடகை கேட்காத வீடு.
அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.
மட்டிகள் நாங்கள்.

ஐஸ் ஆலையின் பின்னறையில்
மீன் ஏலக் கணக்கு எழுதி ஓய்ந்த கணினி ஒன்று கிடந்தது.
உப்பைத் துடைத்து, நினைவகம் கூட்டி,
மூன்று இரவு அதைக் கெட்ட வார்த்தையில் திட்டி
நான்காம் இரவு எழுப்பினேன்.
மின்கட்டணத்துக்கு ஆளுக்கு மாதம் இரண்டு யூரோ.
முடியாதவர்கள் ஒரு கிலோ மட்டி.
பிப்ரவரி முழுக்க நான் வேறெதுவும் தின்னவில்லை.

நூற்று நாற்பத்து மூன்று பேர் வந்தார்கள்.
எழுதுவது ஊருக்குள்ளேயே தங்கும்;
சொன்னால் வெளியூரும் போகும்.
மொண்டேவிடியோவில் ஒரு பேக்கரி மாடியில்
இதே போல் ஒரு பெட்டி,
இங்கிருந்து கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகளுடையது.
லுப்லியானாவில் ஒன்று,
சைக்கிள் பழுதுபார்க்கும் நான்கு பேர் நடத்துவது.
பேசப் பிடித்தால் பேசுவோம்.
பிடிக்காதவர் தன் பெயரையும் சிநேகிதர்களையும்
மூட்டை கட்டிக்கொண்டு
அடுத்த பெட்டிக்குப் போகலாம்.
போனார்கள் சிலர். நான் தடுக்கவில்லை,
கொஞ்சம் வருத்தப்பட்டேன்.

பெருமை பேச எதுவுமில்லை.
ஒரு சனிக்கிழமை எலி கம்பியைக் கடித்தது,
பத்து மணி நேரம் ஊரே ஊமை.
பாதிப்பேர் பழைய இடத்துக்கும் போய் வருகிறார்கள்.
நானும்தான்.
சூரிச்சில் அக்கா மகனுக்குப் பல் முளைத்தது
அங்கே பார்த்துத்தான் தெரியும்.

பிறகு நவம்பரில்
டோரிண்டாவைப் பற்றி அமாரோ ஒன்று எழுதினான்.
அதை இங்கே திருப்பி எழுத மாட்டேன்.
தூக்கு அவனை, தூக்கு அவனை என்று
இருபது பேர் எனக்கு.
என் திரையில் அவன் பெயருக்குப் பக்கத்தில்
சாம்பல் நிறத்தில் ஒரு பொத்தான்.
விரலை வைத்தேன்.
எவ்வளவு லேசாக இருக்கிறது அது!
தும்மினாலே அழுந்திவிடும்.

விரலை எடுத்துவிட்டு மழைக்கோட்டை மாட்டினேன்.

மீன் சந்தைக்கு மேலே எழுபத்திரண்டு படி.
பனியனோடு கதவைத் திறந்தான்.
உள்ளே ஏதோ கருகும் வாசனை.
"மூடத்தானே வந்தாய், உஷியா?"
"ஆமாம். ஏனென்று சொல்லிவிட்டு."

சொன்னேன். கத்தினான்.
போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து
விட்ட இடத்திலிருந்து கத்தினான்.
டோரிண்டாவின் பிள்ளையும் இதைப் படிக்கும் என்றேன்.
அதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை.
முப்பது நாள் என்றேன்.
படியிறங்கும்போது முழங்கால் நடுங்கியது,
அது படியினாலா என்று தெரியவில்லை.

நாள் முடிந்து திரும்பி வந்துவிட்டான்.
ஆனால் சந்தையில் என்னைக் கண்டால்
முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.
திருப்பிக்கொள்ள எதிரே ஒரு முகம்
இருக்கிறது அவனுக்கு.
எங்களை மூடியபோது
நாங்கள் யாரைப் பார்த்துத் திருப்பிக்கொள்வது?

மணி ஒன்றரை.
பின்னறையில் விசிறி சுற்றுகிறது,
ஐஸ் உடையும் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம்.
நாளைக்கு வற்றம் ஐந்து ஐம்பதுக்கு,
வடக்குக் காற்று, கையுறை எடுத்து வாருங்கள்.
இதை முதலில் போட்டுவிட்டுத்தான் தூங்க வேண்டும்.