கேள்விக்குறியோடு ஒரு சொல்

செவ்வாய்க்கிழமை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு
ஏசி பெட்டி இருமிக்கொண்டே இருக்கும் தகர வகுப்பறையில்
பதினோரு பிள்ளைகள்
வாயைப் பாதி திறந்து வைத்திருக்கிறார்கள்.
நாக்கின் பின்பக்கத்தை மேலே ஒட்டுங்க, என்கிறாள் ரோனெல்.
ஆங்கிலத்தில் ‘பாடு’ என்று சொல்வோமே
அந்தச் சொல்லின் வாலை மட்டும் வெட்டி எடுத்து
முன்னால் வையுங்க.
ங.
டைரல் சிரித்து உருண்டு
மேசைக்கடியில் போய்விட்டான்.

இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன்:
நம் அரிச்சுவடியில் ககரத்துக்கு அடுத்து
சும்மா உட்கார்ந்திருக்கிறது அந்த எழுத்து.
அங்கே இங்கே என்று
ககரத்துக்குத் துணை போய்வந்து காலம் தள்ளுகிறது.
அந்த ஆற்றங்கரையில் அதற்கு முழுநேர வேலை.
நான் என்று சொல்ல அதுதான் முதலில் வரவேண்டும்.
நாம் இரண்டு பேர் என்று சொல்லவும்.

ரோனெலுக்கு இருபத்தாறு வயது.
காலையில் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறாள்.
வீட்டில் யாரும் அவளுக்கு அந்த மொழியைத் தரவில்லை;
தரக்கூடியவர்களின் வாயை மிஷன் பள்ளியில்
சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார்கள்.
புதன்கிழமை இரவுகளில்
தொழிற்கல்லூரியின் பிளாஸ்டிக் நாற்காலியில் கற்றுக்கொண்டாள்.
பிள்ளைகளைவிட ஒரு பாடம்தான் முன்னால்.
சில வாரம் அரைப் பாடம்.

பாட்டு, நிலம் அளக்க வந்த ஒருவனின் நோட்டில் இருந்தது.
நான்கு வரி.
பாடியது யார் என்று அவன் எழுதவில்லை.
அன்றைய வெயில் எத்தனை டிகிரி என்று எழுதியிருக்கிறான்.
மெட்டு இல்லை. அதை ரோனெல் போட்டாள்,
பில் மெஷினின் இரண்டு பீப்களுக்கு நடுவே.
பிள்ளைகள் பாடலாமா என்று
நான்கு குடும்பங்களின் கதவைத் தட்டினாள்.
மூன்று வீட்டில் சரி என்றார்கள்.
நான்காவது வீட்டில் தாளை வாங்கி வைத்துக்கொண்டு
ஒன்பது நாள் கழித்துச் சரி என்றார்கள்.

மூன்றாம் வரியில் ஒரு சொல்.
(அதை இங்கே எழுதமாட்டேன், அது அவர்களுடையது.)
பக்கத்தில் பென்சிலில் ஒரு கேள்விக்குறி.
அவன் காதில் சரியாக விழவில்லையோ,
பொருள் பிடிபடவில்லையோ,
பாடியவர் வேண்டுமென்றே மென்று விழுங்கினாரோ.

பிள்ளைகள் கேள்விக்குறியையும் சேர்த்துப் பாடினார்கள்.
அந்த இடம் வந்ததும் பதினோரு குரலும் மேலே ஏறி
அப்படியே நின்றது.
அது பாட்டில் இல்லை, என்றாள் ரோனெல்,
அது அந்த ஆளோட சந்தேகம்.
நமக்கும்தானே தெரியாது மிஸ், என்றாள் ஷக்கைலா.
அவளுக்கு ஏற்கெனவே கோபம்:
அந்த மொழியில் ‘ஷ’ கிடையாதாம்,
அவள் பேருக்கு வாசற்படியே இல்லையாம்.
மேசைக்கடியிலிருந்து ஒரு குரல்:
ஙக்கைலா!
அந்த வாரம் முழுக்க அவள் அந்தப் பேருக்குத்தான் திரும்பினாள்.

ரோனெல் தாளைப் பார்த்தாள். சன்னலைப் பார்த்தாள்.
சரி, முதலிலிருந்து, என்றாள்.

சனிக்கிழமை கல்லாவில் வரிசை.
நாய்த் தீனி மூட்டையோடு ஒரு அம்மாள்,
அவளுக்கு முன்னால் டைரல்,
கையில் உருகத் தொடங்கிய ஆரஞ்சு ஐஸ்.
காசை எண்ணினான். இருபது சென்ட் குறைந்தது.
நிமிர்ந்து பார்த்து
அந்தச் சொல்லைச் சொன்னான்,
குரலை மேலே ஏற்றி.
ரோனெல் தன் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துப் போட்டாள்.
வேறென்ன செய்வாள், அவனுக்குப் பதில் சொல்ல
அவளிடம் அகராதி இல்லை.

திங்கட்கிழமைக்குள் பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிட்டது.
அழிரப்பர் வேண்டுமென்றால் அந்தச் சொல்.
மைதானத்தில் இன்னும் ஐந்து நிமிஷம் வேண்டுமென்றாலும் அதுதான்.
தண்ணீர்க் குழாயில் முந்திக்கொள்ள
ஒன்றாம் வகுப்பு அதைக் கெஞ்சுகிறது.
தப்பாகவே இருக்கலாம்.
அது ஒரு மீனின் பெயராக இருந்திருக்கலாம்,
ஏதோ காற்றின் பெயராக.

சாயங்காலம் ரோனெல் புது நோட்டு ஒன்றைத் திறந்தாள்.
தேதி போட்டாள்.
சொன்னவர்: டைரல், எட்டு வயது,
மூன்றாம் எண் கல்லா.
பொருள் என்ற இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது.
வெயில் எத்தனை டிகிரி என்று
எழுத மறந்துவிட்டாள்.