ஆறு போதும்

ஹக்கீம் கண்ணாடி மேசைமேல் இரண்டு பெட்டி வைத்தார்.
உள்ளங்கையில் அடங்குகிற சில்லுக்கு
இட்லிக் குண்டா அளவு அட்டை.
ஒன்றில் பதினாறு கோர்.
ஒன்றில் ஆறு.
"பதினாறே எடுத்துக்கங்க மேடம்,
அஞ்சு வருசம் திரும்பிப் பாக்க வேண்டாம்."

வித்தியாசம் பதினெட்டாயிரம்.
வசந்தாமணிக்கு ஆறு சனிக்கிழமைச் சம்பளம்.

வீட்டுக்காரர் போனில் சொன்னார்:
"ஆறுன்னு வெளிய சொல்லிக்க நல்லாவா இருக்கும்?"
நொய்யல் பாலத்தில் மாட்டிக்கொண்டிருந்தாராம்.
அந்தப் பக்கம் நாலு தடம், இந்தப் பக்கம் நாலு தடம்,
நடுவே பாலம் மட்டும் பழைய அகலம்.
ஹாரன் சத்தத்தில் மீதி கேட்கவில்லை.

எங்கள் பவர் டேபிளில் பன்னிரண்டு பேர்.
போன தீபாவளி ஆர்டருக்கு, லேட்டாகிறதென்று
இன்னும் நாலு டெய்லர் போடலாம் என்றது நான்தான்.
போட்டோம்.
தோள் மூட்டிய பனியன் எல்லாம்
வசந்தாமணி முன்னால் குவிந்தது.
கழுத்துப்பட்டி வைக்க அவள் ஒருத்தி.
அதற்குப் பிறகுதான் கை, அதற்குப் பிறகுதான் பக்கம்.
கை வைக்கிறவர்கள் செல்போன் பார்த்தார்கள்.
பக்கம் மூட்டுகிறவர்கள் செல்போன் பார்த்தார்கள்.
புதிதாய் வந்த நாலு பேரும்
கூடச் சேர்ந்து பார்த்தார்கள்.

பழைய கம்ப்யூட்டரில் மார்க்கர் போட நாலு நிமிஷம்.
போன வாரம் ஓடவிட்டு
அதன் வரைபடத்தைத் திறந்து பார்த்தேன்.
நாலு கட்டம்.
மூன்றில் கோடு தரையோடு தரையாய்ப் படுத்திருக்க
ஒன்றில் மட்டும் கூரையில் முட்டி நின்றது.
அட, நீதானா வசந்தாமணி.

"தனியா ஒரே ஒரு கோர் ஓடுனா
இதுல எதுங்க வேகம்?"
ஹக்கீம் காதிலிருந்த பேனாவை எடுத்தார்.
"தனியான்னா...
ஆறுதானுங்க.
நெம்பப் பேரு இதையக் கேக்கறதில்லீங்."

கேட்டுவிட்டேன். ஆனாலும்
பில் போடும்வரை ஒரு உறுத்தல்:
கஞ்சத்தனம்தான் கணக்கு வேஷம் கட்டி
என் வாயில் பேசுகிறதோ?

ராத்திரி கம்பெனியில் வைத்துப் பூட்டினோம்.
பழைய பெட்டியின் விசிறியில் ஒரு கைப்பிடி பஞ்சு.
இந்த ஊரில் எதைத் திறந்தாலும் அதுதான்.
மூலையில் தங்க முக்கோணம்,
பலகையில் அதற்கொரு முக்கோணம்,
இரண்டும் சேர்ந்தால் சில்லு தானாக உட்காரும்.
லீவரை அழுத்தினால் ஒரு முனகல் வரும்,
பயப்பட வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.
பயந்தேன்.
பசை ஒரு துவரம்பருப்பு அளவு.
அதன்மேல் விசிறி.

மார்க்கர் நாற்பத்தியிரண்டு நொடி.
டீயை ஊதிக்கொண்டிருந்தவள்
டம்ளரைக் கீழே வைக்கவில்லை.
வெப்பம் அறுபத்தொன்று என்று காட்டியது,
சித்திரை வெக்கையில் அது பெரிதில்லை.

மிச்சப் பதினெட்டாயிரத்தோடு கொஞ்சம் சேர்த்தால்
கழுத்துப்பட்டி மிஷின் பழசில் ஒன்று வரும்.
அனுப்பர்பாளையத்தில் சொல்லி வைத்தேன்.
காலையில் வசந்தாமணியிடமும் சொன்னேன்,
அவளுக்கு நல்லது செய்கிற குரலில்.

ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள்:
"அப்ப எம்பட பீஸு பாதி
அவளுக்குப் போயிருமுங்களாக்கா?"

வேகமான சில்லுதான்.
குறிமுள் மினுங்கி மினுங்கி
அடுத்து என்ன என்று என்னைப் பார்த்தபடி நின்றது.