வசிப்பிடச் சான்று

வெள்ளி மாலை கான்பெராவில் கணக்கை மூடிவிட்டு
ஒரு மணி நேரம் ஓட்டினால் பிரெய்ட்வுட்.
பேக்கரி அடைத்திருக்கும். அதன் வாசலில்
டெஸ்மண்டின் வண்டி உறுமிக்கொண்டு நிற்கும்.
முப்பது வருஷம் இதே காட்டிலிருந்து
மரம் ஏற்றி லாரி ஓட்டியவர்.
பொந்து விழுந்த மரத்துக்கு மில்லில் காசில்லை,
தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்பார்.
அந்தக் காது இப்போது எங்கள் பக்கம்.

நாங்கள் ஏழு பேர்.
பள்ளிக்கூட பஸ் ஓட்டும் ரொவீனா,
தேன்பெட்டி வைத்திருக்கும் இரட்டையர்,
ஒரு பல் டாக்டர், அவர் மகன்,
பிறகு நான், தணிக்கையாளர்,
அட்டைக்குப் பயந்து பேண்டைக் காலுறைக்குள் செருகியவள்.

தேடுவது கிளைடரை.
பூனையளவு உடம்பு, அதைவிட நீள வால்,
முழங்கையிலிருந்து கணுக்கால்வரை தோல் விரிப்பு.
யூகலிப்டஸ் இலை தவிர வேறு தின்னாது.
கத்தாது.
தன் தரப்பு என்று எதையும் சொல்லாது.

டார்ச்சில் இரண்டு கண் மின்னினால் போதாது.
படிவம் கேட்பது வேறு:
அது அங்கே குடியிருக்கிறதா?
இருட்டு விழும் அரைமணிக்குள்
பொந்திலிருந்து வெளியே வருவதை
இரண்டு பேர் கண்ணால் கண்டு கையெழுத்திட வேண்டும்.
இட்டால், மரத்தைச் சுற்றி ஐம்பது மீட்டர்
ரம்பம் நுழையாது.

எனக்குப் பழகிய கேள்விதான்.
மின்கட்டண ரசீது, வாடகை ஒப்பந்தம்,
எதிர்வீட்டுக்காரி எழுதித்தந்த கடிதம்.
இருந்த இடத்தில் இருந்தேன் என்பதற்கு
ஒருகாலத்தில் நாற்பத்திரண்டு பக்கம் கொடுத்தேன்.
இதனிடம் இருப்பது
பட்டையில் நகக் கீறல்,
அடியில் நாலு புழுக்கை.

மார்ச் கடைசி. மரம் எண் பதினேழு.
கழுத்து வலிக்க அண்ணாந்திருந்தோம்.
“வந்திருச்சு” என்று ரொவீனா மூச்சுக்குள் சொன்னபோது
நான் குனிந்து, எப்படியோ உள்ளே புகுந்த அட்டையைப்
பிய்த்துக்கொண்டிருந்தேன்.
நிமிர்ந்தேன்.
பட்டைத் துண்டு ஒன்று ஆடி ஆடி இறங்கியது.

படிவம். பேனா.
யாரும் என்னைப் பார்க்கவில்லை,
அதாவது எல்லோரும் பார்த்தார்கள்.
“பக்கத்தில்தானே நின்றீர்கள்” என்றார் பல் டாக்டர்.
நின்றேன்.
பார்க்காத எதற்கும் நான் கையெழுத்துப் போட்டதில்லை,
சம்பளத்துக்குக்கூட.
திரும்பும் வழியில் டெஸ்மண்ட் ஒன்றே ஒன்று சொன்னார்:
மிஷின் புதன்கிழமை வருகிறது.

சனி. ஒன்றுமில்லை.
அதற்கு நாலைந்து பொந்து; எதில் படுக்கும் என்று
யாருக்கும் சொல்லிவிட்டுப் போவதில்லை.
ஞாயிறு மழை. குடையில் விழும் சத்தம் கேட்குமென்று
குடையை மடித்துவைத்து நனைந்தோம்.
திங்கள், ரொவீனாவும் நானும் மட்டும்.
செவ்வாய் லீவு எழுதினேன்.
காரணம்: குடும்ப விஷயம்.

ஏழு இருபத்தொன்று.
பொந்தின் விளிம்பில் இருட்டு கொஞ்சம் தடித்தது.
தடித்ததற்குக் காது முளைத்தது.
உச்சிக்கு ஏறி, நின்று,
எங்களையோ எதையோ யோசித்துவிட்டு
மணிக்கட்டுகளை மோவாய்க்கடியில் மடித்துக்கொண்டு
விழுந்தது என்று நினைத்தேன்.
விழவில்லை, போனது.
வால் மட்டும் கடைசியாகப் புரிந்தது.

கையெழுத்திட்டேன். விரல் நடுங்கியதில்
பாஸ்போர்ட்டில் உள்ளதோடு அது ஒத்துவராது.
ரொவீனா தன் பெயரை அருகில் எழுதினாள்.
இரட்டையர் இளஞ்சிவப்பு நாடாவைச் சுற்றினார்கள்.
யாரோ ஃபிளாஸ்க்கைத் திறந்தார்கள்.

டெஸ்மண்ட் மட்டும் பதினேழிலிருந்து
அது போய் ஒட்டிய மரம்வரை
அடி அளந்து நடந்தார்.
இருட்டுக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது:
எண்பத்திரண்டு மீட்டர்.
அங்கே பட்டையில் ஏற்கெனவே
ஆரஞ்சுப் பெயிண்ட்.

ஃபிளாஸ்க்கை மூடினோம்.
புதிய படிவம் எடுத்தேன்.
மரம் எண் பதினெட்டு.